மைக்செட் சிலுவை கேட்ட ஒரே பிரசங்கம்

எங்கள் முட்டத்தில் ‘யார் செத்தது’ என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ‘யாருக்குப் பாட்டு’ என்றுதான் கேட்பார்கள். மரண வீட்டு முற்றத்தில் கம்பு நட்டு, குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒரு துக்கப் பாட்டைப் போட்டுவிட்டால் போதும், கலங்கரை விளக்கம் தொடங்கிக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் சேதி போய்விடும். கடற்கரையில் வலை பிரிக்கிறவர்கள் எழுந்து வேட்டியை உதறுவார்கள். மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். அந்தப் பாட்டைப் போடுகிறவர் என் அக்காவின் கணவர். மைக்செட் சிலுவை என்றால் கடியபட்டணம் வரை தெரியும்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அவர் செட் போடுவார்தான். ஆனாலும் எங்கள் அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது ஊரில் நடந்த சாவுகளால். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். “குளோறி, ஒனக்கு நாக்குல எலும்பு இல்ல” என்பார். கோபப்பட மாட்டார். எங்கள் குடும்பத்தில் கோபப்படுகிற வேலையை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டேன்.

தன் கல்யாணத்தன்று, தாலி எடுக்கிற நேரத்தில், மைக் இரைகிறது என்று பீடத்தை விட்டு இறங்கிப் போனவர் அவர். வயரைத் திருகி, ஊதிப் பார்த்து, திருப்தியாகி, பிறகு வந்து தாலி கட்டினார். குரு சிரித்துவிட்டார். என் அக்கா மெற்றில்டாவும் தலையைக் குனிந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கா என் அக்கா என்று அன்றைக்கு நினைத்தேன், அதற்குப் பிறகும் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. அடக்கப் பூசை, கல்லறைச் செபம், வருசத் திதி என்று அவர் காதில் விழுந்த பிரசங்கங்களுக்குக் கணக்கே கிடையாது. மரணத்தைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் அத்தனை பேர் சொல்ல அவர் நின்று கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை மண்டையில் தங்கியதில்லை. அவர் கேட்டது சத்தத்தை மட்டும். கண்ணை மூடி, ஆம்பிளிஃபயர் திருகில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். பெரிய பக்திமான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்பேன்.

“இண்ணைக்குப் பிரசங்கம் எப்பிடி அத்தான்?”

“கொள்ளாம். ஆனா அந்தச் சாமி மைக்கத் திங்கப் போற மாதிரில்லா பேசுதாரு. பிதா, பாவம், பரலோகம்னு சொல்லும்போதெல்லாம் டப்பு டப்புன்னு காத்தடிக்கு.”

“என்னதான் சொன்னாரு?”

“அது ஒங்க அக்காகிட்ட கேளு.”

அக்காவுக்குத் தெரியும். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுத்தவள் அவள். ஆன்மா என்றால் என்ன, உயிர்ப்பு என்றால் என்ன, எல்லாம் விரல் நுனியில். அப்படிப்பட்டவளுக்குத்தான் பயம் வந்தது.

வயிற்றில் கட்டி. நாகர்கோவிலில் பார்த்தோம், திருவனந்தபுரத்தில் பார்த்தோம். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் அங்கிருந்து தெரியும். வலிக்குக் கொடுத்த மருந்து அவளைத் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தது. மத்தியானங்களில் அவள் கனவு காண்பாள், கண்டுகொண்டே சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரியாகப் போனதால் நான்தான் எப்போதும் அருகில் இருந்தேன்.

“குளோறி, கடலு வீட்டுக்குள்ள வருதுட்டி.”

“வரட்டும்.”

“முட்டு வரைக்கும் வந்தாச்சு. ஆனா துணி நனையல்ல.”

அப்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். ஜன்னல் வழியாக வருகிற உப்புக் காற்று கொசுவலையை மெதுவாக ஊதி ஊதி விடும். சாரல் காலம், வெயிலும் மழையும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் எனக்கே கால் பக்கம் தண்ணீர் நிற்பதுபோல் தோன்றும். இளஞ்சூடான தண்ணீர். அலமாரியும் மிக்சியும் மாதா படமும் அதில் மிதந்தும் மிதக்காமலும் ஆடும். பாறையில் அலை மோதுகிற சத்தம் எங்கோ வெகு தூரத்துக்குப் போய்விடும். கனவு யாருடையது என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இறந்துபோன எங்கள் ஆட்கள் அந்தத் தண்ணீரில் நடந்து வருவார்களாம். அம்மா வருவாள். மாமா வருவார். எல்லாரும் இளசாக, சிரித்த முகமாக இருப்பார்கள். அவர்கள் நடுவில் வெள்ளைச் சட்டை போட்டு ஷிஜின் நிற்பான்.

ஷிஜின் அக்காவின் மூத்த மகன். குவைத்தில் இருக்கிற ஷாஜன் அவனுக்குப் பிறகு பிறந்தவன். ஷிஜின் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டான். அந்த வயதில் போகிற பிள்ளையை எங்கள் ஊரில் சம்மனசு என்பார்கள், அதாவது வானதூதர். சம்மனசு அடக்கத்தில் துக்க மணி அடிக்க மாட்டார்கள், திருவிழா மணிதான். குரு வெள்ளை உடுப்புப் போடுவார். பிள்ளையின் தலையில் பூமுடி வைப்பார்கள். தாய் அழக் கூடாது. தாயின் கண்ணீர் பட்டால் சம்மனசின் இறகு நனைந்துவிடும், பறந்து மோட்சம் சேராது என்று ஊரிலுள்ள பெண்கள் சொல்லுவார்கள். அப்படித்தான் அக்காவின் வாயை அன்றைக்குப் பொத்தினார்கள். ஊர் முன்னால் அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அடுப்படியில், குளிக்கிற இடத்தில், மீன் கழுவுகிற இடத்தில் என்று வருசக்கணக்காக அழுதாள். அத்தான்? சொந்தப் பிள்ளையின் அடக்கத்துக்கும் அவரே செட் போட்டார். கண்ணை மூடி, திருகில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு அன்றைக்குக் காதைப் பிளந்தது. மனுசனா இவன் என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

பங்குத்தந்தை யூஜின் அடிகளார் வந்து அக்காவுக்கு எண்ணெய் பூசினார், நற்கருணை கொடுத்தார். சின்ன வயசு, நல்ல மனுசர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இனிமையாகச் சொன்னார்: “பயப்படாதீங்கம்மா. அங்கே கண்ணீர் கிடையாது. துயரம் கிடையாது. அழுகைச் சத்தமே கிடையாது.”

அக்கா பணிவாகத் தலையாட்டினாள். அவர் படியிறங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் பதறிப்போய்க் கட்டிலருகே குந்தினார்.

“என்னட்டி, வலிக்குதா?”

“அங்க அழுகையே இல்லியாம்.”

“நல்லதுதானே பிள்ள.”

“என்ன நல்லது? நான் பாதி ஆயுசு அழுது கழிச்சவ. ஷிஜின் சம்மனசு, அவனுக்கு அழுகைன்னா என்னன்னு தெரியாது. கனவுலயும் அப்பிடித்தான், எல்லாரும் சிரிக்காவ, நான் ஒருத்திதான் அழுதுட்டு நிக்கேன். என்னத்துக்கு அழுதான்னு ஒருத்தருக்கும் மனசிலாகல்ல. அவனுக்கும் மனசிலாகல்ல. எனக்குச் சாவப் பயமில்ல. அங்க போய் அந்நியமா நிக்கத்தான் பயமா இருக்கு.”

அக்கா புருசனைப் பார்த்தாள்.

“நீங்க எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிய. எனக்கு ஒண்ணு சொல்லுங்க.”

“நானா? எனக்கு என்னட்டி தெரியும்? வேணும்னா சாமியத் திரும்பக் கூப்பிடுதேன்.”

“சாமி சொன்னதக் கேட்டாச்சு. நீங்க சொல்லணும்.”

மனிதர் எழுந்து வெளியே போய், ஸ்பீக்கர் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அக்கா கடைசியாகக் கேட்கிற ஒரே காரியம், அது தன்னால் முடியவில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அந்த வாரம் மேற்குத் தெருவில் நசறேன் தாத்தா இறந்தார். நல்ல வயசு, நல்ல சாவு. அத்தான் செட்டோடு கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: “குளோறி, இண்ணைக்குப் பிரசங்கத்த ஒரு எழுத்து விடாமக் கேட்டுட்டு வாறேன்.”

கேட்டாரோ என்னவோ, ஊரே அவரைக் கேட்டது. கல்லறைத் தோட்டத்தில் யூஜின் அடிகளார் பேசப் பேச, அத்தான் திருகை விட்டுவிட்டு, முன்னால் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். செட் ஊளையிட்டது. அப்படியொரு ஊளை, சவப்பெட்டியில் கிடக்கிறவரே எழுந்து உட்காருவார்போல. “ஏலே சிலுவை, ஒனக்கு என்ன எழவு பிடிச்சிருக்கு” என்று நாலு பக்கமும் சத்தம். அவர் ஓடிப்போய்த் திருகைத் திருப்பிவிட்டு மறுபடி வந்தபோது பிரசங்கம் முடிந்துபோயிருந்தது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு வீடு வந்தார். வரும் வழியெல்லாம் அது தவறிவிடக் கூடாதென்று முணுமுணுத்துக்கொண்டே வந்திருப்பார்போல. வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“மெற்றி, கேளு. இயேசுவோட சிநேகிதன் லாசரு செத்துப்போனான். இயேசு அங்க போறாரு. அவன உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சிட்டும் கல்லறை முன்ன நிண்ணு அழுதாராம்.”

அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“அது எனக்கும் தெரியும்” என்றாள் பிறகு. “பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா ஒரு நாளும் யோசிக்கல்ல. எழுப்பத்தானே போறாரு? பின்ன என்னத்துக்கு அழுதாரு?”

அத்தான் சட்டையை மாற்றாமலேயே குருமனைக்குப் போனார். திரும்பி வந்து, அடிகளார் சொன்னதை ஒப்பித்தார்: “அவரு முழுக் கடவுளும் முழு மனுசனுமாம். மனுசனா இருந்து அழுதாராம்.”

“அது புக்குல உள்ளது” என்றாள் அக்கா. “நான் கேட்டது அது இல்ல.”

அதற்குப் பிறகு அவள் கனவுகளைச் சொல்வது குறைந்தது. கடல் வருகிறதா என்று நானே கேட்பேன். வருகிறது என்று தலையை மட்டும் அசைப்பாள். மழை விட்டு, வானம் கழுவிவிட்டதுபோல் கிடந்த நாட்கள். துணி காயப்போட்டிருந்த கயிற்றில் காகம் வந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும். நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அந்த அறையில் தெரியாது. அத்தான் சாவு வீட்டுக்கெல்லாம் வேறு ஆளை அனுப்பிவிட்டு, அவள் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடியற்காலையில் பால் சேர்க்காத கட்டஞ்சாயா போடுவது அத்தானின் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் போட்டு, இரண்டு கிளாஸில் எடுத்து வந்து, இருவரும் சேர்ந்து குடிப்பார்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அக்கா உதடு நனைகிற அளவுக்காவது குடித்தாள். அன்றைக்கு நான் அவள் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். கிளாஸ் உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இனி எனக்கு எறங்காது. நாளைக்கு ஒரு கிளாஸ் போதும்.”

அத்தான் கிளாஸைக் கீழே வைக்கப் போனார். வைக்க முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த மனிதர் அழுதார். அழத் தெரியாதவர் அழுகிற அழுகை. தொண்டையில் ஏதோ கழன்று விழுந்ததுபோல ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்க, மூக்கு ஒழுக, நின்ற நிலையில். சாயா அவர் வேட்டியெல்லாம் சிந்தியது.

அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“இது என்ன புதுசா இருக்கு? ஷிஜின் போனப்பவும் நீங்க அழுது நான் பாக்கல்லியே.”

“அண்ணைக்கு அழப்பிடாதுன்னு சொன்னாவ. அவன் இறகு நனைஞ்சிரும்னு.”

“அத நீங்க நம்பினியளா?”

“எனக்கு என்ன தெரியும்? ஒருவேளை நனைஞ்சிட்டா என்ன செய்ய?” முகத்தைத் தோளில் துடைத்தார். “ஒனக்குத் தாங்காதுன்னு தெரியும். அதான் பாட்ட நல்லாக் கூட்டி வச்சேன். நீ உள்ள அழுதா வெளிய ஒருத்தருக்கும் கேக்காண்டாம்னு.”

அக்காவின் தலையை மெல்லத் தலையணையில் வைத்தேன். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அக்கா, பிள்ளைகளிடம் மறைக்கல்வி கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்:

“நம்ம எல்லாரையும் எழுப்புவாருன்னு நம்புதியளா?”

“நம்புதேன்.”

“பின்ன என்னத்துக்கு அழுதிய?”

“எழுப்புவாரு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல பிள்ள. ஆனா நாளைக்குக் காலம்பற நான் ரெண்டு கிளாஸ்தான் எடுப்பேன். பெறவு ஒண்ணத் திருப்பி வைக்கணும்லா. அத எப்பிடி வைக்கதுன்னு எனக்குத் தெரியல்ல.”

அக்கா சிரித்தாள். கல்யாணத்தன்று சிரித்த அதே பிள்ளைச் சிரிப்பு.

“அப்போ அதுக்குத்தான் அவரும் அழுதிருக்காரு” என்றாள். “லாசருவோட அக்காவும் தங்கச்சியும் அவன் இல்லாம வீட்டுல இருந்தாவல்லா, அதப் பாத்துட்டு. எழுப்பப் போறது வேற. அவிய பட்ட பாடு வேற.”

அன்றைக்கு மத்தியானம் அவள் மறுபடியும் கனவைச் சொன்னாள். மருந்து அரையும் கனவு அரையுமாகக் குரல் எங்கிருந்தோ வந்தது. கடல் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டதாம். கட்டில் மிதக்கிறதாம். பாறைகளைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரையில் ஒருவர் நிற்கிறாராம்.

“யாரு?” என்றேன்.

“முகம் தெரியல்ல. ஆனா கண்ணத் துடைக்காரு. அவரு கையப் பிடிச்சிட்டு ஷிஜின் நிக்கான்.”

“பயமா இருக்கா?”

“என்ன பயம்? அழத் தெரிஞ்சவருகிட்டயில்லா போறேன். அம்மா ஏன் அழுதான்னு பிள்ளைக்கு அவரு சொல்லிக் குடுத்திருப்பாரு.” பிறகு அத்தானைத் தேடிக் கையை நீட்டினாள். “நீங்க அவசரப்பட்டு வராண்டாம். பைய வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் அவள் போனாள். அத்தான் கையில்தான் அவள் கை இருந்தது.

அடக்கத்துக்கு மணவாளக்குறிச்சியிலிருந்து யாரோ வந்து செட் போட்டார்கள். ஷாஜன் விமானம் பிடித்து வந்து சேர்ந்தான். யூஜின் அடிகளார் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் அத்தான் அழத் தொடங்கினார். குழி விளிம்பில் முழங்கால் போட்டு, வெட்கமில்லாமல், ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதார். ஆண்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவருடைய பெரியப்பா மகன் ததேயு, கோயில் கமிட்டியில் இருக்கிறவர், பொறுக்க முடியாமல் வந்து தோளைப் பிடித்தார்.

“சிலுவை, விசுவாசம் உள்ளவன் இப்பிடி அழலாமா? மெற்றில்டா மோட்சத்துல இருக்கா. ஒனக்குத் தெரியாதா?”

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“அவ மோட்சத்துலதான் இருக்கா அண்ணே. நான் இங்கயில்லா இருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கைநிறைய மண்ணை அள்ளினார், போட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தேன்.